இலை கொட்டும் காலம்

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். இயேசுவின் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். கடவுள் பேசாமல் இருக்கும் நாட்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பிப்ரவரி, மார்ச் வந்தால் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். நிரை முழுக்கச் சருகு. பால் சுண்டிவிடும். மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம், நிறையத் தந்த மரம் அடியை நனைத்துவிட்டு நின்றுகொள்ளும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். தவக்காலமும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வரும். ஆகவே எங்களுக்கு நோன்பு கோயிலில் தொடங்கவில்லை, அடுப்படியில் தொடங்கியது.

அந்த மாதங்களில் அம்மா மங்கு கழுவுவார். அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். “பால்தான் இல்லையே, எதுக்கும்மா இப்ப?” என்று ஒருமுறை கேட்டேன். “தளிர் விட்டா பால் வந்துரும். அப்புறம் கழுவ எங்கடா நேரம்?” என்றார். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. ஆனால் மலாயாவில் ரப்பருக்கென்று முறையான தோட்டம் எழ 1890-கள் வரை ஆயிற்று. அத்தனை வருஷமும் அந்த மரங்கள் பேசாமல் வளர்ந்துகொண்டிருந்தன.

எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு ஃபாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே செபமாலை சொல்லுவோம். பெரிய வெள்ளி முடிந்தால் மறுநாள் சனிக்கிழமை பூசை கிடையாது, மணி அடிக்க மாட்டார்கள். பீடத்தில் துணி இருக்காது. நற்கருணைப் பேழை காலியாக, கதவு திறந்தபடி கிடக்கும். சிறுவயதில் எனக்கு அதைப் பார்க்கவே பயம். திருச்சபை அந்தச் சனியை அவசரமாகக் கடந்துபோகாமல், ஒரு முழு நாளாக வைத்திருப்பதன் அருமை வயது ஏறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாவுக்கும் உயிர்ப்புக்கும் நடுவில் ஒன்றுமே நடக்காத நாள் ஒன்று உண்டு என்பதை அது மறைக்கவில்லை.

அந்தச் சிற்றாலயத்தில் ஒரு பாட்டி முன்வரிசைப் பாயில் உட்காருவார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். பிறப்புப் பத்திரம்தான் இல்லை. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. பாட்டியின் கையில் கடைசி வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மூன்று முறை மனுப் போட்டார். ஒவ்வொரு முறையும் “கடிதம் வரும், காத்திருங்கள்” என்றார்கள். செபமாலை முடிந்ததும் பாட்டி மட்டும் எழுந்திருக்க மாட்டார். “இன்னும் எத்தனை நாளய்யா?” என்று சிலுவையைப் பார்த்து உரக்கக் கேட்பார். சண்டை போடுவது போலவே இருக்கும். கோயிலில் இப்படிக் கத்தலாமா பாட்டி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “கவுன்டர்ல கத்துனா வெரட்டிருவான்யா. இவர்கிட்டதானே கத்த முடியும்” என்றார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது 13-ஆம் திருப்பாடலின் கேள்விதான். எத்தனை நாள், எத்தனை நாள் என்று அந்தப் பாடல் நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் திருப்பாடல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு, மருத்துவ அறிக்கைக்குக் காத்திருந்து, வீட்டை விட்டுப் போன மகனின் போனுக்குக் காத்திருந்து களைத்துப் போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முறையிடுவது விசுவாசக் குறைவு அல்ல. அங்கே யாருமே இல்லை என்று நினைப்பவர் எதற்காகக் கத்த வேண்டும்?

லூக்கா நற்செய்தியில் ஓர் இடம் எனக்கு மிகவும் நெருக்கமானது. இயேசுவை அடக்கம் செய்ததைப் பார்த்த பெண்கள் வீடு திரும்பி நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்கிறார்கள். பிறகு ஓய்வுநாள் கட்டளைப்படி ஓய்ந்திருக்கிறார்கள். உயிர்ப்பை எதிர்பார்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை. இறந்த உடலுக்குப் பூசத்தான் செய்தார்கள். அவ்வளவு சின்ன நம்பிக்கை. ஆனாலும் கை வேலையை விடவில்லை.

வாரத்தின் முதல் நாள், இருள் பிரியும் முன்னே புறப்படுகிறார்கள். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் நேரம் என்று நான் நினைத்துக்கொள்வேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கழுவிய மங்குகளை வாளியில் அடுக்கிக்கொண்டு அம்மா லயத்துப் படி இறங்கும் அதே நேரம். போகும் வழியில் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: கல்லறை வாசலில் இருக்கும் கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார்? மாற்கு இதை எழுதியிருக்கிறார். கல்லோ மிகப் பெரியது. யாரிடமும் பதில் இல்லை. அதற்காக யாரும் வழியில் நிற்கவும் இல்லை.