கை மாறும் தொழில் இதழ்கள்

(சேலத்தில் அச்சகத்தாரும் தொழில் இதழ் நடத்துவோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஏற்காட்டுக்குக் காபிச் செடி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்பது இந்த ஊரில் பலருக்கும் தெரியும். காபிக்கும் நம் தொழிலுக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காபிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகள், மாலுமிகள், சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எழுதுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். லாயிட் இறந்து பல வருஷம் கழித்து, 1734-இல், அந்தக் கடையிலிருந்தே ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ என்ற தாள் வெளிவரத் தொடங்கியது. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகம் சேர்ந்தது, எது கிளம்பியது என்பதுதான் அதில் முக்கியச் சரக்கு. அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் அதைப் பார்க்காமல் ஒரு இன்ஷூரன்ஸ்காரர் கையெழுத்துப் போட மாட்டார். 2013 வரை அது அச்சில் வந்தது. பிறகு இணையத்துக்குப் போய்விட்டது.

அந்தத் தாளை நடத்திய நிறுவனம் 1998-இல் ஐ.பி.சி. என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து ‘இன்ஃபார்மா’ ஆனது. 2004-இல் ஆய்வு இதழ்கள் வெளியிடும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் வந்து சேர்ந்தது. 2016-இல் அமெரிக்காவில் தொழில் இதழ்கள் நடத்திய பென்டனை 118 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். 2018-இல் தொழில் கண்காட்சிகள் நடத்தும் யு.பி.எம். நிறுவனம், அதற்கு ஏறக்குறைய 400 கோடி பவுண்டு. ஹாங்காங்கில் நடக்கும் பெரிய நகைக் கண்காட்சி யு.பி.எம். நடத்தியது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்களுக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும். இப்படி வாங்கி வாங்கி வளர்ந்தவர்கள், 2022-இல் அந்தக் கப்பல் தகவல் பிரிவையே, லாயிட்ஸ் லிஸ்ட்டோடு சேர்த்து, ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பிறந்த வீட்டையே விற்றார்கள். இதை அறிந்தபோது எனக்கு உண்மையாகவே மனசு கனத்தது.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறார்களே, எதை வாங்குகிறார்கள்? மிஷினையா? வெளிநாட்டு இதழ்கள் பலவற்றுக்குச் சொந்தமாக அச்சு இயந்திரமே இருந்ததில்லை. பேப்பரையா? போன மாத இதழ் இந்த மாதம் எடைக்குப் போகிறது.

இதோ என் கையில் இருப்பது ஒரு பழைய அமெரிக்க இயந்திரத் தொழில் இதழ். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் தடித்த தாளில் ஒரு கார்டு தைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பாருங்கள், வரிசை வரிசையாக எண்கள். இதழில் ஒவ்வொரு விளம்பரத்துக்குக் கீழேயும் ஒரு எண் இருக்கும். எந்த மிஷின் பற்றி விவரம் வேண்டுமோ அந்த எண்ணை வட்டமிட்டுத் தபாலில் போட்டால் போதும், ஸ்டாம்ப் ஒட்டக்கூட வேண்டாம். கார்டின் இன்னொரு பாதியில் கேள்விகள்: உங்கள் பதவி என்ன, ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இயந்திரம் வாங்கும் முடிவு உங்கள் கையில் இருக்கிறதா? இதைப் பூர்த்தி செய்தவர் தகுதியானவர் என்று பட்டால் அவருக்கு இதழ் இலவசமாகவே போகும். விளம்பரதாரரிடம், “இத்தனை ஆயிரம் பேர், அத்தனை பேரும் வாங்கும் அதிகாரம் உள்ளவர்கள்” என்று காட்டி வசூலிப்பார்கள். கோடிகள் கொடுத்து வாங்கியது இந்தப் பட்டியலைத்தான். கண்காட்சி நடத்தினாலும் அழைப்பு போவது இதே பட்டியலுக்குத்தான்.

ஒரே தொழிலுக்கு இரண்டு இதழ் இருந்தால் விளம்பரதாரர் இரண்டிலும் பேரம் பேசுவார். இரண்டும் ஒருவர் கைக்கு வந்தால் பேரம் நின்றுபோகும். சந்தா பார்க்கிறவர், கணக்கு எழுதுகிறவர், விளம்பரம் பிடிக்கிறவர் எல்லாம் ஒரே அலுவலகத்தில் இருந்தால் செலவும் குறையும். இணைப்பின் கணக்கு இவ்வளவுதான்.

நல்லபடியாக நடந்த இணைப்பும் உண்டு. ஜேம்ஸ் மெக்ரா பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜான் ஹில் ரயில் என்ஜின் ஓட்டியவர். இருவரும் தனித்தனியே தொழில் இதழ்கள் நடத்தினார்கள். 1909-இல் புத்தகப் பிரிவுகளை மட்டும் சேர்த்தார்கள். யார் பெயர் முதலில் வருவது என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். ஜெயித்த மெக்ராவின் பெயர் முன்னால் வந்தது, ஹில் தலைவரானார். இதழ்களை உடனே கலக்கவில்லை. 1916-இல் ஹில் இறந்த பிறகு, 1917-இல்தான் அவை ஒன்றாயின. இந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த மெக்ரா-ஹில்தான் 1966-இல், கடனுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் ஸ்டாண்டர்டு அண்டு பூர்ஸ் நிறுவனத்தை வாங்கியது. பிறகு தன் இதழ்களை ஒவ்வொன்றாக விற்றது, 2009-இல் பிசினஸ் வீக் உட்பட. இன்று அதன் பெயர் எஸ் அண்டு பி குளோபல். நம் ஆலைக்காரர்கள் பேங்க் கடனுக்காக கிரிசில் ரேட்டிங் வாங்குகிறார்களே, அந்தக் கிரிசிலின் பெரும்பங்கு அவர்களுடையது. இதழில் தொடங்கிய வீடு, இதழே இல்லாமல் தகவலை மட்டும் வைத்துப் பிழைக்கிறது.

கடன் வாங்கி இதழ் வாங்கியவர்கள் கதை வேறு. பிரிசம் என்ற கம்பெனி 2007-இல் பென்டனை 53 கோடி டாலருக்கு வாங்கி, தன் பெயரையும் பென்டன் என்றே மாற்றிக்கொண்டது. மறு வருஷமே உலகமெங்கும் மந்தம். விளம்பரம் சரிந்தது, வட்டி சரியவில்லை. 2010-இல் திவால் மனு போட்டு, 27 கோடி டாலர் அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அதே 2010-இல் ரீட் என்ற பெரிய பதிப்பு நிறுவனம் அமெரிக்காவில் ஆள் கிடைத்த இதழ்களை விற்றது, மிச்சம் இருபதுக்கும் மேற்பட்டதை மூடியது. அதில் பல, கானர்ஸ் என்ற நிறுவனத்தோடு 1977-இல் வாங்கிய வரிசையில் வந்தவை. அந்தந்தத் தொழிலையே கரைத்துக் குடித்த ஆசிரியர்கள் ஒரே நாளில் வெளியே வந்தார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். ஜவ்வரிசி ஆலைக்காரர் காலையில் முதலில் கேட்பது என்ன? மரவள்ளிக் கிழங்கு பாயிண்ட் என்ன விலை, ஜவ்வரிசி விற்றுக்கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் என்ன விலைக்குப் போனது. கிழங்குக்குப் பணம் மாவுச்சத்து பாயிண்ட் கணக்கில் என்பதால், ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய் தப்பாகப் போட்டாலும் லோடு லோடாக நஷ்டம் யாருக்காவது விழும். அந்த விலையை விசாரித்து எழுதும் ஆள், எந்த ஆலைக்காரர் கூட்டிச் சொல்வார், எந்தத் தரகர் குறைத்துச் சொல்வார் என்று முகம் பார்த்தே அறிந்தவர். சந்தாப் பட்டியலைக் கையெழுத்துப் போட்டு மாற்றிவிடலாம். இவருடைய அறிவை அப்படி மாற்ற முடியாது. இவரை அனுப்பிவிட்டால் பட்டியலில் இருப்பவர்களும் ஒரு வருஷத்தில் சந்தாவை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே, வெள்ளிக்கு, ஜவ்வரிசிக்கு, தறிக்கு என்று சின்னச் சின்ன இதழ் நடத்தும் உங்களிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். பெயரையும் ஆசிரியரையும் இப்போது கலக்காதீர்கள். பேப்பரைச் சேர்ந்து வாங்குங்கள். தபாலில் சேர்க்கும் வேலையை ஒரே இடத்தில் வையுங்கள். விளம்பரத்துக்கு மூன்று பேர் மூன்று வண்டியில் போவதற்குப் பதில் ஒருவர் போகட்டும். இரண்டு வருஷம் கணக்கு ஒத்துப்போனால் அடுத்ததைப் பேசலாம்.

பெரிய ஊரிலிருந்து யாராவது வாங்க வந்தால், அவர் போடும் பணம் சொந்தப் பணமா, கடனா என்று முதலில் கேளுங்கள். அவர் ஏற்கெனவே நடத்தும் இதழ்களின் பிரதிகளை எடுத்து, உரிமையாளர் என்று யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். விலை விசாரிக்கும் ஆளை மூன்று வருஷத்துக்கு மாற்றக் கூடாது, சந்தாதாரர் பட்டியலை வேறு வியாபாரத்துக்குக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வக்கீலிடம் கொடுக்க ஒரு வரைவு தமிழில் எழுதி வந்திருக்கிறேன். போகும்போது வாசலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம்.