பாய் சுருட்டிய பிறகு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன வீட்டைப் படம் எடுக்கப் போனால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? “கொடியில இருக்கிற துணியைக் கொஞ்சம் எடுத்திடுங்க.” நானும் சொன்னவன்தான்.

ஹாங்காங்கில் ஷெக் கிப் மெய் என்று ஒரு குடியிருப்பு. 1953 கிறிஸ்துமஸ் இரவில் அங்கிருந்த குடிசைகள் எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அதன் பிறகு அரசு அங்கே அடுக்குமாடிகள் கட்டியது. அவை இடிபடும் முன் 2006இல் மைக்கேல் வுல்ஃப் என்ற புகைப்படக்காரர் 100 அறைகளைப் படமெடுத்தார். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. சாமான்களுக்கு நடுவே குடியிருப்பவர் இருக்கிறார். பெரிய வேலை. ஆனால் ஓர் அறைக்கு ஒரு படம், ஒரே ஒரு நேரம். அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

வடசென்னையில் ஒற்றை அறை வீடொன்றில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். விடியலில் நான்கு பேர் படுத்திருந்த தரை. ஏழு மணிக்குப் பாய்கள் பரணுக்குப் போயின. பாய் கிடந்த இடத்துக்கே அரிவாள்மனை வந்தது. பத்து மணிக்குத் தையல் மிஷினை நடுவுக்கு இழுத்தார் அந்த அக்கா. இழுத்து இழுத்துத் தரையில் இரண்டு வெள்ளைத் தடம் விழுந்திருந்தது. அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் தாத்தா ஸ்டூலோடு தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். யாரும் சொல்ல வேண்டாம். சாயங்காலம் மிஷின் பலகைதான் பையனுக்குப் படிக்கிற மேசை.

இந்த மாற்றமெல்லாம் தெரிய கேமரா ஒரே மூலையில் அசையாமல் இருக்க வேண்டும். டிரைபாடை விரித்தேன். ஆயா பார்த்துவிட்டு, “தம்பி, இது ராத்திரி எங்க படுக்கும்?” என்றது. மடக்கிவிட்டு, கிளாம்ப் போட்டுப் பரணில் மாட்டினேன். 16 மி.மீ. லென்ஸ் போட்டால் பத்தடி அறை கல்யாண மண்டபமாகிவிடும். வீடு விற்பவர்களுக்கு அது சரி. நான் 28க்குக் கீழே இறங்கவில்லை. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை விழாது.

படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஒன்றை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். மதியம் மிஷினை ஓரம் தள்ளிவிட்டு எல்லோரும் தண்ணி லாரிக்கு ஓடிய நேரத்தில் கேமரா தானாக எடுத்தது அது. ஆளே இல்லை, வெறும் தரை.

“இவ்ளோ இடமா இருக்கு நம்ம வீட்ல?” என்றார்.