கப்பல் சீட்டும் பள்ளிக்கூடமும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

கரீஸ் ஃபவுண்டன் பக்கம் போகும்போது பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "சாஸ்திரி கல்லூரி என்கிறீர்களே தாத்தா, அது இந்தியப் பிரதமராக இருந்த சாஸ்திரியா?" இல்லை கண்ணு. இவர் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் 1869இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு லண்டன், ஜெனீவா, வாஷிங்டன் என்று இந்தியாவுக்காகப் பேசப் போனார். அந்தப் பட்டியலை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் அவர் இருந்தது ஒன்றரை வருஷம். அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

1925இல் ஒரு மசோதா வந்தது. இந்தியர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று கோடு கிழிக்கிற மசோதா. கொண்டுவந்தவர் மலான். 1948இல் பிரதமராகி நிறவெறியைச் சட்டமாக்கினாரே, அதே மலான். இந்தியா எதிர்த்தது. பேச்சுவார்த்தை நடந்து, 1927இல் இரண்டு அரசுகளுக்கும் இடையே கேப்டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டது. மசோதா நின்றது. ஒப்பந்தம் நடப்பதைப் பார்த்துக்கொள்ள இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் இங்கே வரவேண்டும் என்று முடிவானது. அந்த வேலைக்கு சாஸ்திரியைப் போகச் சொன்னவர் காந்தி. ஒத்துழையாமையில் இருவருக்கும் நேர்எதிரான கருத்து; அன்பு மட்டும் கடைசிவரை குறையவில்லை.

ஏஜென்ட் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசியுங்கள். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் ஏஜென்ட் என்றால் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றுகிறவன். அதே பெயரோடு, நம் பக்கம் நின்று பேச ஒருவர் வந்தார். தூதர் என்ற அந்தஸ்து கிடையாது. அடிமை நாட்டுக்கு ஏது தூதர்? வெள்ளைத் தலைப்பாகை, அழுத்தந்திருத்தமான ஆங்கிலம், இவ்வளவுதான் கையில் இருந்த பலம். 1928இல் கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் கும்பல் புகுந்து கலைத்தது. அதற்காக அவர் மேடையை விட்டுவிடவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு: மேற்கத்திய வாழ்க்கைத் தரத்துக்கு ஒத்துவருகிற இந்தியர்கள் இங்கே முன்னேற வழி செய்யப்படும். படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் சாஸ்திரி அதையே பிடித்துக்கொண்டார். தரம் வேண்டுமா, அப்படியானால் படிப்பைக் கொடு என்றார். நம் நேட்டால் மாகாணத்தை ஒரு கல்வி விசாரணைக் குழு அமைக்க வைத்தார். இந்தியாவிலிருந்து கல்வி நிபுணர்கள் இருவரை வரவழைத்தார். இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கென்று மத்திய அரசு கொடுத்த மானியத்தைக்கூட மாகாணம் முழுசாகச் செலவழிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

குழு பேசிக்கொண்டிருக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த ஒரு கட்டடத்துக்கு நம் மக்களிடமே பணம் திரட்டினார். 1928இல் அடிக்கல் நட்டாயிற்று. 1929 ஜனவரியில் அவர் ஊர் திரும்பிவிட்டார். அக்டோபரில் கவர்னர் ஜெனரல் வந்து பள்ளியைத் திறந்தபோது அவர் இங்கே இல்லை. வாசலில் அவர் பெயர் இருந்தது. 1936இலிருந்து வெள்ளையரல்லாதவர்களுக்கு நேட்டாலில் பல்கலைக்கழக வகுப்பு நடந்ததும் அந்தக் கட்டடத்தில்தான்.

இதோடு நிறுத்தினால் உங்கள் கைதட்டலோடு இறங்கிவிடலாம். மனசு கேட்கவில்லை. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பக்கம் இருந்தது. இந்தியாவுக்கே போய்விடுகிறவர்களுக்குக் கப்பல் இலவசம், பெரியவர்களுக்கு 20 பவுண்டு, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 10 பவுண்டு. திரும்பி வர நினைத்தால் மூன்று வருஷத்துக்குள் வரவேண்டும்; வாங்கிய பணத்தையும் கப்பல் செலவையும் கட்டவேண்டும். கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரன் எங்கே போவான் அந்தப் பணத்துக்கு? இந்த ஏற்பாட்டையும் சாஸ்திரி ஆதரித்தார். முழுசும் கெட்டுப்போகாமல் இருக்க இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தார். அந்தக் கணக்கு தப்பு என்பது என் அபிப்பிராயம். ஏறிப் போனவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளைகள்.

எங்கள் ஆயாவின் அக்கா அப்படிப் போனவர்தான். புருஷன் சொல்லிவிட்டார், கைக்குழந்தையோடு ஏறிவிட்டார். வடஆற்காட்டிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். முதல் கடிதத்தில், ஊரில் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சாதி கெட்டுப்போய் வந்தவர்கள் என்கிறார்கள் என்று இருந்தது. இரண்டாவதில், பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று இருந்தது. மூன்றாவது வரவேயில்லை.

அந்தக் குழந்தைக்கும் என் அப்பாவுக்கும் ஒரே வயசு. அப்பாவுக்குச் சாஸ்திரி கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்கு, புதுக் கோட்டு போட்டுக்கொண்டு ஆயா காலில் விழுந்தாராம். ஆயா விபூதி பூசிவிட்டு, அந்த இரண்டு கடிதத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து, "நீதான் இப்ப படிச்சவனாச்சே, இதைப் படி" என்றாராம்.