பீர் ஆலையில் பிறந்த மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். பென்சிலின் என்றதும் பிளெமிங்கும் அவருடைய பூஞ்சைத் தட்டும்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது அதன் தம்பியைப் பற்றி. வாயால் விழுங்கும் பென்சிலின் வி.

முதலில் வந்த பென்சிலினை ஊசியாகத்தான் போட்டார்கள். 1941-இல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குக் கொடுத்தபோது, மருந்து சிறுநீரோடு போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சிறுநீரைச் சேகரித்து, மருந்தைப் பிரித்தெடுத்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் கையிருப்பு தீர்ந்தது, மனிதர் இறந்துபோனார். எப்போது படித்தாலும் மனசு கனக்கும் சம்பவம் இது. இரத்தத்தில் இருக்கும் பென்சிலினில் பாதியைச் சுமார் அரை மணி நேரத்துக்குள் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அதனால் அந்தக் காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஊசி, நடுராத்திரியிலும்.

சரி, வாயால் கொடுத்தால் என்ன? இரைப்பை அமிலம் விடாது. பென்சிலினின் உயிர்நாடி நான்கு அணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன வளையம். வலிந்து வளைத்துக் கட்டிய வளையம் அது, எப்போது முறியலாம் என்று நிற்கும். அமிலத்தில் அந்த மூலக்கூறின் பக்கச் சங்கிலியே, அதாவது வளையத்தின் பக்கவாட்டில் வால்போல் நீளும் அணுத்தொடரே, திரும்பி வந்து வளையத்தை உடைத்துவிடும்.

ஆஸ்திரியாவில் டிரோல் மலைப்பகுதியில் குண்டல் என்று ஓர் ஊர். போருக்குப் பிறகு அங்கே ஒரு பழைய பீர் ஆலையில் பென்சிலின் தயாரித்துவந்தார்கள். நொதிக்கலன்களில் வேண்டாத கிருமிகள் புகுந்து தொல்லை கொடுத்தன. அவற்றை அடக்க 1951-இல் ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பொருளைச் சேர்த்தார்கள். பென்சிலினைச் சுரக்கும் பூஞ்சை அதையும் எடுத்துத் தன் பென்சிலினில் கோத்துக்கொண்டது! அப்படி வந்த பொருள்தான் பென்சிலின் வி. அது அமிலத்தில் சிதையாமல் நின்றதை அந்த ஆலையில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் பிராண்டலும் ஹான்ஸ் மார்கிரைட்டரும் கண்டுகொண்டார்கள். அதே பொருளை அமெரிக்காவில் முன்பே தயாரித்திருந்தார்கள். அமிலத்தைத் தாங்கும் அதன் குணத்தை அங்கே யாரும் கவனிக்கவில்லை. இரகசியம் பக்கச் சங்கிலியில் கூடுதலாக வந்த ஓர் ஆக்சிஜன். அது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், வளையத்தைத் தாக்கும் வலு சங்கிலிக்குக் குறைந்துவிடுகிறது.

விழுங்கியதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இரத்தத்தில் சேரும். முக்கால் மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அந்த உச்சம் தாழ்ந்து, தள்ளியும் போகும். வெறும் வயிற்றில் போடச் சொல்வது அதற்காகத்தான். ஆனால் சிறுநீரகத்தின் அவசரம் அமிலத்தைத் தாங்கும் இந்த மருந்துக்கும் அதேதான்.

கிருமி தன் செல் சுவரைக் கட்டும்போது இழைகளைக் குறுக்கே பிணைக்கும் ஒரு நொதி உண்டு. கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல பென்சிலின் அந்த நொதியைப் பிடித்துக்கொள்ளும். சுவர் பலவீனமாகி, உள்ளே தண்ணீர் ஏறி, கிருமி வெடித்துவிடும். கட்டட வேலை நடக்கும்போதுதான் இது பலிக்கும். ஆகவே ஒரே வேளையில் நிறைய போட்டுப் பயனில்லை. மருந்து போதுமான அளவில் எத்தனை மணி நேரம் இரத்தத்தில் நிற்கிறது என்பதே கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று சீட்டில் எழுதுவது இதனால்தான்.

தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொற்றுக்குப் பத்து நாள் கொடுப்பது பழைய வழக்கம். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகள் அலமாரிக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொண்டையில் தங்கிவிடும் அந்தக் கிருமியால் பிறகு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வைக் கெடுத்துவிடலாம். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு.

எத்தனையோ கிருமிகள் பென்சிலினை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டன. தொண்டையைத் தாக்கும் இந்த ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸோ இன்றைக்கும் அதற்குக் கட்டுப்படுகிறது. வணக்கம்.