மவ்லா என்றால் யார்?

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஜமாஅத் தலைவர் ஹாஜியார் அவர்களே, உலமாப் பெருமக்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, மாடியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு முன் அருமையாகப் பேசிய இமாம் ஹஜ்ரத் அவர்களுக்கும் என் ஸலாம்.

‘மவ்லா’ என்ற சொல் குர்ஆனில் எப்படி வருகிறது, நபியவர்கள் காலத்தில் யாரைக் குறித்தது, பின்னால் வந்த உமய்யா வம்சத்து கலீஃபாக்கள் ஆட்சியில் என்ன ஆனது என்று மூன்று பகுதியாகச் சொல்கிறேன்.

அல்லாஹ்வே மூமின்களின், அதாவது நம்பிக்கை கொண்டோரின் மவ்லா. அங்கே அது பாதுகாவலன். துகான் அத்தியாயத்தில், ஒரு மவ்லா இன்னொரு மவ்லாவுக்கு எந்த உதவியும் செய்ய முடியாத நாள் என்று வருகிறது. அங்கே நண்பன், உறவினன். அடிமையை விடுதலை செய்த எஜமானும் மவ்லா, விடுதலை பெற்றவரும் மவ்லா. 632இல் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ‘கதீர் கும்’ என்ற இடத்தில் நபியவர்கள், “நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலியும் மவ்லா” என்றார்கள். ஷியாக்கள் தலைவர் என்கிறார்கள், சுன்னிகள் நேசர் என்கிறார்கள். அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நபியவர்கள் விடுதலை செய்த ஸைத், முஅத்தா போரில் படைத்தளபதி. நபியவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வருவதற்கு முன்பே, மதீனாவை ஒட்டிய குபாவில், முன்னதாக வந்து சேர்ந்த முஹாஜிர்களுக்குத் தொழுகை நடத்தியவர் ஸாலிம். அவரும் ஒரு மவ்லாதான்.

இதைக் கேளுங்கள். உமர் (ரலி) கலீஃபா. மக்காவின் ஆளுநர் நாஃபிஉ, அவரைச் சந்திக்க உஸ்ஃபான் என்ற ஊருக்கு வருகிறார். கலீஃபாவின் முதல் கேள்வி: “மக்காவை யார் பொறுப்பில் விட்டு வந்தீர்?” “இப்னு அப்ஸாவிடம்.” “யார் அது?” “எங்கள் மவ்லாக்களில் ஒருவர்.” மக்கா என்றால் நபியவர்களின் குலமான குறைஷிகளின் ஊர், அய்யா! ஒவ்வொருவரும் பாட்டனார் பெயரைப் பத்துத் தலைமுறைக்குச் சொல்லும் ஊர். உமர் கேட்கிறார்: “ஒரு மவ்லாவையா அமர்த்தினீர்?” ஆளுநர் தயங்கவில்லை: “அவர் அல்லாஹ்வின் வேதத்தை ஓதுபவர், வாரிசுரிமைச் சட்டம் அறிந்தவர்.” உடனே உமர், “இந்த வேதத்தால் அல்லாஹ் சிலரை உயர்த்துகிறான், சிலரைத் தாழ்த்துகிறான் என்று உங்கள் நபி சொன்னார்களே” என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே!

அப்புறம் உமய்யாக்கள். அவர்கள் காலத்தில், இஸ்லாத்துக்கு வந்த பாரசீகர்களையும் மவ்லாக்கள் என்றே அழைத்தார்கள். ஆனால் உமய்யாக்களின் ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ், முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டும் ஜிஸ்யா வரியை இந்தப் புது முஸ்லிம்களிடமும் வாங்கினார். 717இல் பதவிக்கு வந்த உமய்யா கலீஃபா இரண்டாம் உமர், அதாவது உமர் பின் அப்துல் அஸீஸ், அதை நிறுத்தினார். விவரமாகச் சொல்ல நேரமில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். நம் ஜமாஅத்தின் கல்வி உதவி விண்ணப்பத்தில், பெயருக்குக் கீழே ‘குடும்பப் பட்டப்பெயர்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைப் பார்க்காமலே ஒதுக்கிய மனுக்கள் உண்டு. ஸாலிமின் பின்னால் நின்று நபித்தோழர்களான ஸஹாபாக்கள் தொழுத சமுதாயம் நாம். ஹாஜியார் அவர்களே, வரும் ஆண்டுக்கான படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.