ஸ்டோக் ரோவில் ஒரு காசிக் கிணறு

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்து என்றால் நமக்கு மழையும் குடையும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டில் ஒரு சிறுவன் வீட்டிலிருந்த கடைசிச் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்பதற்காகத் தாயிடம் அடி வாங்கினான் என்றால் நம்புவீர்களா? அப்படிப்பட்ட பகுதியில் இருக்கும் ஊர்தான் ஸ்டோக் ரோ. ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், ஹென்லி நகருக்கு மேற்கே, சில்டர்ன் குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிற சின்னஞ்சிறு ஊர்.

மழைக்கு அங்கே குறைவில்லை. பெய்த மழை தங்காததுதான் பிரச்சினை. அந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. சல்லடையில் ஊற்றிய மாதிரி நீர் அடியில் போய்விடும். மேலே ஆங்காங்கே படிந்திருக்கிற களிமண்ணில் குட்டைகள் தேங்கும். கோடை நீண்டால் அவையும் வற்றிப்போகும். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக வட இந்தியாவில் வேலை பார்த்தவர். 1831இல் ஆசம்கரில் ஊர் மக்களுக்காக ஒரு கிணறு வெட்டினார். அவருக்கும் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்குக்கும் நல்ல பழக்கம். பேச்சுவாக்கில் தன் ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தை, அந்தச் சிறுவன் அடி வாங்கிய கதையை, அவர் மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். ரீட் 1860இல் ஊர் திரும்பினார். மகாராஜா மறக்கவில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு கிணறு வெட்டித் தருகிறேன் என்றார். ரீட் தேர்ந்தெடுத்த இடம் ஸ்டோக் ரோ.

1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. கிணற்றின் குறுக்களவு 4 அடி. ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து மண்வெட்டியைத் திருப்பினாலே முழங்கை சுவரில் இடிக்கும். ஆழம் எவ்வளவு தெரியுமா? 368 அடி! லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து நெல்சன் தூணை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நிறுத்தினாலும் மேலே தலை தெரியாது. இயந்திரத் துளை எதுவும் இல்லை, எல்லாம் கையால் வெட்டியது. தலைக்கு மேலே வானம் ஒரு காசு அளவுக்குச் சுருங்கிவிட்ட பிறகும் அடியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மகாராஜா பெயர் கிணற்றின் மேல் பொறித்திருக்கிறது. எனக்கு அந்த வெட்டுக்காரர்கள்தான் பெரியவர்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்போம். இங்கே புறப்பட்டது யானை. கிணற்றின் மேல் இரும்புத் தூண்கள் தாங்கும் கூண்டும் குவிமாடமும் 23 அடி உயரத்துக்கு எழும்புகின்றன. வாளியை மேலே சுற்றி இழுக்கும் இயந்திரத்தின் உச்சியில் ஒரு பொன்னிற யானை நிற்கிறது. ஓட்டு வீடுகளும் பீச் மரங்களும் சூழ்ந்த ஆங்கிலக் கிராமத்தின் நடுவே காசி அரண்மனையின் ஒரு மூலையைப் பெயர்த்து வைத்தது போல இருக்கும். கிணற்றின் செலவு 353 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ். 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று திறந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த ஏற்பாடு. கிணற்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் கயிறு அறுந்த அன்று கதை முடிந்துவிடும். அதனால் காவலாளிக்கு ஒரு குடில் கட்டினார்கள். பக்கத்தில் செர்ரித் தோப்பு வைத்து, மகாராஜா பெயரால் 'ஈஸ்ரீ பாக்' என்று அழைத்தார்கள். பழம் விற்ற காசு பராமரிப்புக்கு, தண்ணீர் ஊருக்கு இலவசம். நம் கோயில்களுக்கு மானியம் விட்ட கணக்கு அப்படியே.

கொஞ்சம் கசப்பையும் சொல்ல வேண்டும். 1857 கிளர்ச்சியில் அந்த மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். ரீட் கிளம்பிய அந்த 1860-61இலேயே கங்கை யமுனைச் சமவெளியின் மேற்பகுதியில் கடும் பஞ்சம். அங்கே வெட்டாத கிணற்றை இங்கே ஏன் வெட்டினார் என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரச விசுவாசமும் அந்தக் கிணற்றில் கலந்திருந்தது. ஆனால் குடத்தோடு வந்த பெண்ணுக்கு அந்த அரசியல் எதற்கு?

ஊரில் மற்றதும் உண்டு. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையில் சேராத தனிச் சபையினர் 1815இல் கட்டிய தேவாலயம், 1846இல் ஹஸ்ஸி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த புனித யோவான் தேவாலயம், 'க்ரூக்ட் பில்லட்' என்ற பழைய மதுவிடுதி. 1998இல் நடிகை கேட் வின்ஸ்லெட்டின் முதல் கல்யாண விருந்து அந்த விடுதியில்தான் நடந்தது. ஆனாலும் வெளியூர்க்காரர் வந்தால் முதலில் கேட்பது யானை எங்கே என்றுதான்.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது. பிறகு குழாய் வந்தது, வாளி ஓய்ந்தது. 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் வந்தார். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை நீரைக் கிணற்றில் ஊற்றினார்கள். 368 அடி விழ ஏறத்தாழ ஐந்து விநாடி ஆகும். கடைசியில் கேட்டிருக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க நானும் குனிந்து நின்றிருப்பேன்.