தனித்தனி மேஜைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சாப்பாட்டுக்கூடம். சின்னச் சின்ன மேஜைகள். மேஜைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். ஒருவர் தட்டை மற்றவர் பார்க்கலாம், ஒருவர் இருமல் மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் மேஜையை விட்டு மேஜைக்கு யாரும் போவதில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ன்மத் நகரத்து ஓட்டல் ஒன்றில் நடக்கும் கதை. 1958இல் டெல்பர்ட் மான் இயக்கிய 'செப்பரேட் டேபிள்ஸ்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

டெரன்ஸ் ராட்டிகன் 1954இல் லண்டன் மேடைக்கு எழுதிய இரண்டு குறுநாடகங்கள்தாம் இதன் மூலம். இரண்டுக்கும் ஓட்டல் ஒன்றே, ஜோடிகள் வேறு. மேடையில் இரு ஜோடிகளையும் ஒரே நடிகரும் ஒரே நடிகையும் நடித்தார்கள். படத்தில் நால்வராகப் பிரித்து, இரு கதைகளையும் ஒன்றாகப் பின்னிவிட்டார்கள்.

குடியில் மூழ்கிய எழுத்தாளராக பர்ட் லங்காஸ்டர், அவரைத் தேடி வரும் முன்னாள் மனைவியாக ரீட்டா ஹேவொர்த். இவர்கள் கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே என் மனத்தில் நிற்பவர் ஓட்டலை நடத்தும் மிஸ் கூப்பர்தான். எழுத்தாளரை மணக்கக் காத்திருந்தவர், அவர் மனம் பழைய மனைவியிடமே இருக்கிறது என்று தெரிந்ததும் வழிவிடுகிறார். பிறகு வழக்கம்போல் ஓட்டல் வேலையைப் பார்க்கப் போகிறார். வெண்டி ஹில்லருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது நியாயமே.

ஆனால் படத்தின் உயிர் மேஜர் போலக்கிடம் இருக்கிறது. அடர்ந்த மீசை, பட்டாளத்துப் பேச்சு, வட ஆப்பிரிக்கப் போர்க்களக் கதைகள். எல்லாம் பொய். அவர் மேஜரே அல்ல. போரின்போது கிடங்கு ஒன்றில் வேலை பார்த்த லெப்டினன்ட். அந்தப் பொய்யையும் தாண்டிய விஷயம் ஒன்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிடுகிறது. திரையரங்கில் பெண்களிடம் தகாத முறையில் நடந்ததாக அவர் மீது வழக்கு. அந்தத் தாள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று அவர் தவிக்கும் தவிப்பைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

இந்தப் பொய் மேஜராக நடித்த டேவிட் நிவென் நிஜமான ராணுவ அதிகாரி. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஹாலிவுட்டை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குத் திரும்பியவர். அசல் எப்படி இருக்கும் என்று அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, போலியின் விறைப்பு எங்கே இளகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. படத்தில் அவர் தோன்றுவது மொத்தம் 23 நிமிடங்கள்போல. அதற்கே சிறந்த நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றார்.

அந்த மேஜரிடம் மட்டும் அச்சமின்றிப் பேசக்கூடியவள், அதே ஓட்டலில் அம்மாவோடு தங்கியிருக்கும் சிபில். டெபரா கெர் இவ்வளவு ஒடுங்கி நடித்து நான் பார்த்ததில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, வாயைத் திறப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்க்கும் பெண். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்கும்போது, தன்னை அறியாதவர்களிடம், இருட்டில் மட்டுமே தனக்குத் துணிவு வருகிறது என்கிறார் மேஜர். மனிதர்களைக் கண்டு நடுங்குவதில் நாம் இருவரும் ஒரே ஜாதி என்பதை அவளுக்குப் புரியவைக்கிறார். தொந்தரவுக்கு ஆளான பெண்களின் குரலைப் படத்தில் கேட்க முடிவதில்லை. அது குறைதான், நான் மறைக்க மாட்டேன்.

ராட்டிகன் மனத்தில் இருந்த குற்றம் வேறு. ஆண்களுக்கிடையேயான உறவு இங்கிலாந்தில் 1967 வரை சட்டப்படி குற்றம். மேடை நாடகங்களுக்கும் அரண்மனை அதிகாரியின் தணிக்கை இருந்தது. தாமே ஓரினச்சேர்க்கையாளரான ராட்டிகன், மேஜரையும் அப்படிப்பட்டவராகக் காட்ட விரும்பினார், முடியவில்லை. இதை அறிந்தபின் படத்தை மறுபடி பார்த்தேன். 'இவரை வெளியேற்ற வேண்டும்' என்று சிபிலின் அம்மா கூட்டம் கூட்டும் காட்சி, முன்பைவிடப் பல மடங்கு கனத்தது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். காலைச் சிற்றுண்டி நேரம். மேஜர் உள்ளே வருகிறார். கரண்டிச் சத்தம் அடங்குகிறது. அவர் தம் மேஜையில் உட்கார்கிறார். யாரையும் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. ஒரு மேஜையிலிருந்து 'குட் மார்னிங்' என்று ஒரு குரல். பிறகு இன்னொன்று. குதிரைப் பந்தயப் பித்துள்ள மிஸ் மீச்சமும் பேசுகிறார். அம்மா எழுகிறார், மகளையும் எழச் சொல்கிறார்.

'இல்லை, அம்மா.'

அம்மா தனியாக வெளியேறுகிறார். சிபில் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். பிறகு தன் மேஜையிலிருந்தபடியே மேஜரின் மேஜையை நோக்கி மெதுவாகப் பேச்சுக் கொடுக்கிறாள். அவரும் பதில் சொல்கிறார்.